மறுப்புக்கு ஓர் அளவு

கொட்டியாரக் குடாவின் நடுவில் இரண்டு படகுகள் உரசுவதுபோல் கிட்ட வந்து நின்றன. ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு பை போனது. பிறகு இரண்டும் பிரிந்து வெவ்வேறு பக்கம் போய்விட்டன. கரையில், கண்காணிப்பு நிலையத்தில் நிரோஷினியின் திரையில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் விழுந்தது. நடுக்கடலில் பொருள் கைமாறியிருக்கிறது, கடத்தலாக இருக்க வாய்ப்பு மிக அதிகம் என்று வட்டத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்கும் கீழே, இயந்திரம் சொன்னதை ஏற்கவோ தள்ளவோ இரண்டு பொத்தான்கள்: ஒப்புதல், மறுப்பு.

பைக்குள் என்ன இருந்தது என்று அறிய நிரோஷினிக்குக் கமரா தேவையில்லை. கறிமீன். அந்தக் குடாவில் தொழில் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மீன் பட்ட படகு கரைக்குத் திரும்பும்போது வெறும் வலையோடு வருகிற படகைக் கண்டால் கிட்டப் போகும். ஒரு சட்டிக் கறிக்குக் காணுமான மீனைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகும். வெறும் வலைக்காரன் கேட்க மாட்டான். அவனைக் கேட்க வைப்பது மானக்கேடு. கொடுத்தவன் கரையில் வந்து வாய் திறக்க மாட்டான். அது அதைவிடப் பெரிய மானக்கேடு. மூதூர் முஸ்லிம்களுக்கும் பாலையூற்றுக் கத்தோலிக்கருக்கும் கட்டைபறிச்சான் ஆட்களுக்கும் இதில் இரண்டாம் பேச்சில்லை. யுத்தத்தில், கடற்படையிடம் பாஸ் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போன காலத்திலும் இந்தப் பழக்கம் நிற்கவில்லை.

நிரோஷினியின் அப்பா வின்சன்ட் கை ராசி இல்லாத மீன்காரர். கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம். அவள் வளர்ந்ததில் பாதி, மற்றவர்களின் படகில் பட்ட மீன்.

திரையில் இருந்த படகின் இலக்கத்தைப் பார்த்தாள். அபூதாஹிரின் படகு. மூதூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் தலைவர். ஒருவரையும் வெறுங்கையோடு கரைக்குப் போக விடாத மனிசன். அதனால்தான் இயந்திரத்தின் கணக்கில் குடாவிலேயே பெரிய கடத்தல்காரன் அவர்தான். அதிகப் படகுகளோடு அதிகத் தடவை கைமாற்றம் செய்தவன் எவனோ அவனே தலைவன் என்று அது படித்து வந்திருந்தது. எந்தக் கடலில் படித்ததோ தெரியாது. இந்தக் கடலில் இல்லை.

அவள் மறுப்பை அழுத்தினாள்.

"ஏன் நீர் அந்த மனிசனுக்கே எல்லா மறுப்பையும் செலவழிக்கிறீர்?" என்று பின்னாலிருந்து துவாரகன் கேட்டான். அவன் மேற்பார்வையாளன். கையில் எப்போதும் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருக்கும். குடித்துக் கண்டவர் இல்லை. "கோட்டைப் பாரும். மஞ்சளாப் போச்சு."

திரையின் மூலையில் சிறிய கோடு ஒன்று இருந்தது. மறுப்புக் கூடக் கூட அது பச்சையிலிருந்து மஞ்சளாகும், பிறகு சிவப்பாகும். சிவப்பானால் மீள்பயிற்சி. மறுபடியும் சிவப்பானால் வாசலில் அட்டை வேலை செய்யாது. பக்கத்துக் கதிரையில் இருந்த ஷிஃபானா அப்படித்தான் போனாள்.

"கறிமீன் எண்டு ஒரு பொத்தான் வையுங்கோ எண்டு கேட்டனாங்கள்தானே. பதில் வந்ததோ?"

"வந்தது. எல்லா நாட்டிலயும் ஒரே சாமான்தானாம். ஒரு குடாவுக்காக மாத்த ஏலாதாம். மாத்தினா மற்ற நாடுகளுக்கு விக்கேக்க திருப்பிச் சோதிக்க வேண்டி வருமாம்." துவாரகன் கோப்பைக்குள் பார்த்தான். "உமக்கு வேணுமெண்டா கறிச்சட்டி எண்டு ஒரு கம்பனி தொடங்கும். நான் வந்து சேருறன்."

சீனக்குடாப் பக்கத்தில், மேட்டில் இருந்தது நிலையம். அது எப்படி வந்தது என்று கேட்டால் முழுக்கதை ஒருவரிடமும் இல்லை. துண்டு துண்டாகத் தெரிந்தது இவ்வளவுதான். பெரிய நாடு ஒன்றின் தலைவர் ஓர் ஆணையில் ஒப்பமிட்டார். செயற்கை நுண்ணறிவில் தங்கள் நாட்டுச் சரக்குத்தான் உலகமெல்லாம் ஓட வேண்டும், போட்டி நாடு முந்திக்கொள்ளக் கூடாது என்பது ஆணை. கணினி, கமரா, மென்பொருள், பழக்கிவிடும் ஆட்கள் எல்லாம் ஒரே பொதியாக. அவர்களுடைய திணைக்களங்களும் கடன் கொடுக்கும் வங்கியும் தூதரகங்களும் அந்தப் பொதியை விற்கும் வேலையில் இறங்கின. வாங்குகிற இடத்தில் அது யாரைப் பார்க்கப்போகிறது என்று அவர்களுடைய சபையில் எவரும் கேட்கவில்லை. ஏற்றுமதிக்கு எதற்குக் கேள்வி?

இங்கேயும் ஒரு கையெழுத்துத்தான். அரச வர்த்தமானியில் கரையோரத் தொழில்நுட்பச் செயலணி என்று ஒன்று முளைத்தது. அது மேலிடத்துக்கு மட்டும் பதில் சொல்லும். பாராளுமன்றத்தில் ஒருவர் ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னபோது வணிக இரகசியம் என்றார்கள். அபூதாஹிரின் சங்கம் ஒப்பந்தத்தைத் தமிழில் தரச் சொல்லிக் கேட்டது. பிரதேச சபை கட்சி வேறுபாடில்லாமல் கைதூக்கித் தீர்மானம் போட்டது. இது உங்கள் அதிகாரத்துக்குள் வரும் விடயம் அல்ல என்று செயலணியிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. குடாவில் வாக்குப் போட்டவர்கள் ஒருவரிடமும் யாரும் எதையும் கேட்கவில்லை.

நிரோஷினி இதையெல்லாம் பெரிதாக யோசிக்கிறவள் அல்ல. பல்கலைக்கழகத்தை இடையில் விட்டுவிட்டு வந்தவளுக்குக் குளிரூட்டிய அறையில் ஒரு கதிரை கிடைத்தது, இருந்தாள். மறுப்புக்கு ஓர் அளவு உண்டு என்று தெரிந்ததும் அதைச் சேமித்துச் செலவழிக்கப் பழகினாள். தெரிந்த படகு வந்தால் மறுப்பு. தெரியாத படகு வந்தால் ஒப்புதல். தெரியாதவனும் கறிமீன்தான் கொடுத்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் எல்லாருக்கும் மறுத்தால் கோடு சிவக்கும், பிறகு ஒருவருக்கும் மறுக்க ஆளிருக்காது. இந்தக் கணக்குச் சரியென்றே அவளுக்குப் பட்டது. சிலரையாவது காப்பாற்றுகிறேன் என்ற நினைப்போடு நன்றாக நித்திரை கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது அபூதாஹிர் அவளுடைய வீட்டு முன்னறையில் இருந்தார். கூட அவருடைய மகள் சனூஸா, சட்டக் கல்லூரிப் பரீட்சைக்குப் படிக்கிறவள். அம்மா மக்டலின் குசினிக்குள் கோப்பை தேடிக்கொண்டிருந்தாள். அப்பா செத்த பிறகு அபூதாஹிர் இந்த வீட்டுக்கு வந்தது இல்லை.

"இருங்கோ நானா," என்றாள் நிரோஷினி, அப்பா அவரை அண்ணன் முறையில் கூப்பிட்டதுபோலவே. "என்ன திடீரெண்டு?"

"போட்டப் புடிச்சிட்டாங்க புள்ள." அவர் சாதாரணமாகச் சொன்னார், மழை பெய்கிறது என்பதுபோல. "இஞ்சின், வலை எல்லாம் சேத்து. லைசனும் நிப்பாட்டியாச்சி. நான்தான் இந்தக் குடாவில பெரிய கடத்தல்காரனாம். பொஞ்சாதி கேட்டுட்டுச் சிரிக்கிறா. கடத்தினதெல்லாம் எங்க ஒளிச்சி வெச்சீங்கண்டு அலுமாரிக்குள்ள தேடுறா."

"வாப்பா, பகிடி காணும்," என்றாள் சனூஸா. அவள் நிரோஷினியை நேராகப் பார்த்தாள். "அக்கா, மெஷின் செல்றத ஒரு ஆள் பாத்து முடிவெடுக்கோணும். சட்டம் அப்படித்தான் இருக்கு. எங்கட போட்டுக்கு முடிவெடுத்த ஆள் ஆர்?"

நிரோஷினி கையிலிருந்த செபப் புத்தகத்தை மேசையில் வைத்தாள். "நான்தான். ஆனா நான் ஒப்புதல் குடுக்கேல்லை. மறுத்தனான். ஒவ்வொரு தரமும் மறுத்தனான்."

"மறுத்தா பிறகு எப்படிப் புடிச்சாங்க?"

"தெரியாது."

"சரி, அத வந்து வாயால செல்லுங்க. வியாழக்கிழமைக்குப் பிறகு விசாரணை வைக்கிறாங்க. மனிசர் ஒருத்தர் மறுத்தாரெண்டு நிரூபிச்சா இந்தப் பிடி செல்லாது. வேற வழியில்ல அக்கா. இது விசாரணையிலயும் உறுதியானா வாப்பாக்கு வாழ்நாளுக்கும் லைசன் இல்ல."

மக்டலின் தேத்தண்ணியோடு வந்து நின்றாள். "அவள் அங்க நடக்கிறதை வெளியில கதைக்கக் கூடாது பிள்ளை. வர்த்தமானியில போட்டிருக்கு. பிடிச்சு மறியலுக்குள்ள அடைப்பாங்கள்."

"ஓம் மாமி. தெரியும்." சனூஸா கோப்பையை வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சிதான் கேக்கிறன்."

அபூதாஹிர் சுவரில் இருந்த வின்சன்டின் படத்தைப் பார்க்காமல் இருக்கக் கவனமாக இருந்தார். தான் கொடுத்த மீனை நினைவுபடுத்துவதுபோல் ஆகிவிடும் என்று அவர் பயந்தது நிரோஷினிக்கு விளங்கியது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சொல்லிக் காட்டியிருந்தால் கோபப்பட்டாவது தப்பியிருக்கலாம்.

"யோசிச்சுச் சொல்லுறன் நானா," என்றாள்.

"யோசி புள்ள. வேலை போற விசயம். நான் வற்புறுத்தமாட்டன்."

"நான் வற்புறுத்துவன்," என்றாள் சனூஸா.

மறுநாள் காலை துவாரகனை மின்பிறப்பாக்கி அறைக்குப் பின்னால் மறித்தாள். அங்கே சத்தம், பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

"நான் மறுத்த படகை எப்படிப் பிடிச்சவங்கள்?"

"எந்தப் படகு?"

"துவாரகன், என்னோட விளையாடாதையும்."

அவன் கோப்பையை அரைச்சுவரின்மேல் வைத்தான். "போன மாசம் ஒரு திருத்தம் வந்தது. நாங்கள் மறுத்தா அது இப்ப மறுப்பு இல்லை, உள்ளூர் அபிப்பிராயம். செயலணிக்குப் போகும். அங்க ஆரும் அரை நாளுக்குள்ள எடுத்துப் பாக்காட்டி மெஷின் சொன்னதுதான் முடிவு."

"அங்க ஆர் பாக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அந்தக் கதிரைக்கு இன்னும் ஆளைப் போடேல்லை."

நிரோஷினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

"இன்னும் இருக்கு," என்றான். "முடிவு வந்தாப் பிறகு அது உம்முடைய பேரிலதான் பதியும். ஒப்புதல் எண்டு. ஏனெண்டா வாங்கிற நாட்டு மனிசன் ஒருத்தன் முடிவெடுத்ததா இருக்கோணும் எண்டு ஒப்பந்தத்தில இருக்காம். நாளைக்கு ஆரும் கேட்டா விக்கிறவன் சொல்லுவான், முடிவெடுத்தது உங்கட ஆள். எங்கட ஆக்கள் சொல்லுவினம், சொன்னது மெஷின். ரெண்டு பேரும் சரியாத்தான் சொல்லுவினம்."

"அப்ப ஏன் அந்தப் பொத்தான்?"

"ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கிறதுக்கு." பிறகு குரலைத் தணித்தான். "நிரோ, வியாழன் வெளிநாட்டு ஆக்கள் வருகினம். சாமானை விக்கிறவையும், வாங்க யோசிக்கிற வேற நாட்டுக்காரரும். எங்கட மறுப்பு வீதம் குறைவு எண்டதுதான் அவையின்ர விளம்பரம். இந்தக் குடா ஒரு கடைக் கண்ணாடி. உம்மை முன் கதிரையில இருத்தச் சொல்லியிருக்கினம். இங்கிலிஸ் நல்லா வரும், முகமும் பரவாயில்லை எண்டு."

"எனக்கு வருத்தம், காய்ச்சல் எண்டு சொல்லும்."

"சொல்லலாம். அப்ப ஷிஃபானா மாதிரி வீட்டில இருக்கலாம்."

வியாழக்கிழமை வந்தார்கள். வாசலில் பூமாலை, வெற்றிலைத் தட்டு, மேளம் எல்லாம் இருந்தன. ஏற்றுமதிக்குப் பொறுப்பான வெளிநாட்டு அதிகாரி உயரமான, இனிமையான மனிதர். எல்லாரிடமும் பெயர் கேட்டார், கேட்ட பெயரைத் திருப்பிச் சரியாகச் சொன்னார். நல்ல மனிதராகவே இருக்கக்கூடும். அவர் நிரோஷினியின் கதிரைக்குப் பின்னால் நின்று மற்ற நாட்டுக்காரர்களுக்கு விளக்கினார்: பாருங்கள், இயந்திரம் ஆலோசனைதான் சொல்கிறது, முடிவு இந்த நாட்டுப் பெண்ணின் கையில். பிறகு குனிந்து அவளிடம் கேட்டார், முடிவு உங்கள் கையில் இருப்பதாக உணர்கிறீர்களா?

செயலணியின் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். துவாரகன் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத் திரையில் சிவப்பு வட்டம் விழுந்தது. கிண்ணியாப் பக்கத்துப் படகு ஒன்று, இன்னொன்றின் அருகே நின்று ஒரு பையை நீட்டியது. பை கொஞ்சம் பெரிது; நல்ல மீன்பாடாக இருந்திருக்கும். படகின் இலக்கம் அவளுக்குத் தெரியாது. சொந்தக்காரரின் பெயர் கீழே வந்தது: கலீலுர் றஹ்மான், குறிஞ்சாக்கேணி. கேள்விப்பட்டதில்லை. எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள், பந்து கோலுக்குள் போகப்போகிறது என்பதுபோல.

ஒப்புதலை அழுத்தினாள்.

கை தட்டினார்கள். சுவரில் இருந்த பெரிய திரையில் ரோந்துப் படகு ஒன்று கிளம்பி வெள்ளை நுரை கீறிக்கொண்டு போனது. வாங்க வந்தவர்களில் ஒருவர் நேரம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். அன்றைக்கு மதியம் இறால் பொரியல் இருந்தது. நிரோஷினியும் சாப்பிட்டாள். பசித்தது.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சனூஸாவுக்குத் தொலைபேசி எடுத்தாள். "வாறன்," என்றாள். தைரியம் வந்ததால் அல்ல. அந்த ஓம் என்ற சொல்லை இன்னொரு நாள் இன்னொரு ஆளுக்கு முன்னால் சொல்ல ஏலாது என்று பட்டதால்.

"எப்பிடி மனம் மாறினீங்க அக்கா?"

"அதை விடும். எத்தனை மணிக்கு?"

செயலணிக்குச் சொந்தக் கட்டடம் இல்லாததால் விசாரணையை நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முதல்நாள் யாருக்கோ கல்யாணம் நடந்திருந்தது. மேடையில் மணவறையை இன்னும் பிரிக்கவில்லை. மாப்பிள்ளை பொம்பிளை இருக்கிற தங்கநிறக் கதிரைகளில் ஒன்றில் விசாரணை அதிகாரி இருந்தார், மற்றதில் அவருடைய கணினி. இளைப்பாறிய உத்தியோகத்தர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். மண்டபத்தின் ஒலிபெருக்கியை யாரும் நிறுத்தத் தெரியாமல் விட்டதால் மேடையில் பேசுவது வெளி விறாந்தை வரைக்கும் கேட்டது. விறாந்தையில் படகு இழந்தவர்கள் வாங்குப் பலகைகளில் வரிசையாக இருந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள்.

அபூதாஹிர் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டு ஜும்ஆவுக்குப் போகிறவர்போல் வந்திருந்தார். தன்னுடைய சாட்சி யாரென்று சனூஸா சொன்னதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"தங்கச்சி, நீங்கள் இதில கதைச்சாலே குற்றம். தெரியுமோ?"

"தெரியும்."

"சரி. சொல்லுங்கோ."

நிரோஷினி சொன்னாள். கறிமீன் என்றால் என்ன, பை என்றால் என்ன, தான் ஒவ்வொரு தடவையும் மறுப்பையே அழுத்தியது, திருத்தம், ஆளில்லாத கதிரை, தன் பெயரில் விழுந்த ஒப்புதல். தன் குரல் மண்டபமெல்லாம் திரும்பி வந்து மோதுவது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதிகாரி குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் கணினியில் எதையோ தேடினார்.

"நீங்கள் பொய் சொல்லுறீங்கள் எண்டு நான் சொல்ல மாட்டன்," என்றார். "ஒண்டை மட்டும் விளங்கப்படுத்துங்கோ. இவற்ற படகுக்கு மறுத்தீங்கள் எண்டு சொல்லுற அதே நாளில மற்றப் படகுகளுக்கு ஒப்புதல் குடுத்திருக்கிறீங்கள். அதே குடா. அதே மாதிரிப் பை. அதுகளும் கறிமீன்தானே?"

நிரோஷினி விறாந்தைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"கறிமீனோ, இல்லையோ?"

"கறிமீன்தான்."

"அப்ப அதுகளுக்கு ஏன் ஒப்புதல்?"

"மறுப்புக்கு அளவு இருக்கு, ஐயா. கூட மறுத்தா..."

"விளங்குது. அளவு இருக்கெண்டா ஆருக்கு மறுக்கிறது எண்டு எப்படித் தெரிவு செய்தனீங்கள்?" அவர் காத்திருந்தார். கொடுமைக்காரர் அல்ல, கணக்கில் பிழை கண்ட ஆசிரியர்போல இருந்தார். "இவர் உங்களுக்கு முன்னமே தெரிஞ்ச ஆள்தானே?"

"அப்பாவோட தொழில் செய்தவர்."

"அதுதான்." அவர் கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "தெரிஞ்ச ஆளுக்கு ஒரு நியாயம், தெரியாத ஆளுக்கு ஒரு நியாயம். இதை வைச்சு நான் என்ன தீர்ப்பு எழுத? மெஷினைப் பற்றி ஒண்டாவது சொல்லலாம், அதுக்குச் சொந்தபந்தம் இல்லை."

சனூஸா எழும்பி நின்று வாதாடினாள். நன்றாகத்தான் வாதாடினாள். மறுப்புக்கு அளவு வைத்தவர் யார், சபையில் வராத திருத்தத்துக்கு என்ன பெறுமதி, மனிதருக்குச் சொல்ல உரிமை இல்லாத இடத்தில் மனிதரின் பெயரை எப்படிப் போடலாம் என்றெல்லாம் கேட்டாள். அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். இந்தக் கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள், ஆனால் இவற்றுக்குப் பதில் சொல்ல எனக்கு அதிகாரம் தரவில்லை என்றார். அபூதாஹிரின் அனுமதிப்பத்திரம் நிரந்தரமாக நீக்கப்பட்டது. மேன்முறையீடு செய்ய விருப்பமென்றால் செயலணிக்கே எழுதலாம்.

அபூதாஹிர் சலாம் சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். நிரோஷினியைக் கடக்கும்போது நின்றார். ஏதோ சொல்ல வந்தவர், மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருக்குக் கோபமில்லை என்று அவள் நினைத்துக்கொள்ள விரும்பினாள். முகத்தில் அப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

விறாந்தைக்கு வந்தாள். வாங்குகளில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். மரியாதைக்காக அல்ல. ஒலிபெருக்கியில் எல்லாம் கேட்டிருந்தது.

"தங்கச்சி, என்ர போட்டுக்கு நீங்க என்னத்த அமத்தினீங்க?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் படகின் இலக்கத்தைச் சொன்னார். ஒரு கிழவர் இலக்கம் மறந்து படகின் நிறத்தைச் சொன்னார். நிரோஷினி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வாசலில் சனூஸா நின்றிருந்தாள். வழியை மறிக்கவுமில்லை, உதவிக்கு வரவுமில்லை.

மெலிந்த, நடுத்தர வயது மனிதர் ஒருவர் மற்றவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

"நான் கலீலுர் றஹ்மான். குறிஞ்சாக்கேணி. வியாழக்கெழம புடிச்சாங்க. அண்டைக்கி வெள்ளக்காரங்க வந்தாங்களாமே."

அவளுக்கு அன்றைய கைதட்டல் திரும்பக் கேட்டது.

"ஓம்," என்றாள். "உங்கட போட்டுக்கு நான் ஒப்புதல் அமத்தினனான். அது செயலணி போட்டது இல்லை. நான்தான்."

"பைக்குள்ள என்ன இருந்ததெண்டு தெரியுமா?"

"தெரியும்."

"ரெண்டு பாரையும் கொஞ்சம் சூடையும். அந்தப் பொடியனுக்குப் புள்ள பொறந்து மூணாம் நாளு, வலையில ஒண்டுமில்ல." அவர் மற்றவர்களைப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார். "தெரிஞ்சும் அமத்தினது, நான் ஆரெண்டு தெரியாத படியாலயா?"

இதற்கு வேறு மாதிரிச் சொல்ல வழி இருக்கிறதா என்று தேடினாள். அளவு, கோடு, அட்டை, வெள்ளைக்காரர், சுவரோரம் நின்றவர்கள். எல்லாம் உண்மை. ஒன்றும் பதில் இல்லை.

"ஓம்," என்றாள். "தெரியாதபடியாலதான்."

அவர் அடிக்கக்கூடும் என்று ஒரு கணம் நினைத்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"உள்ள அந்த மனிசன் என்ன செல்றார்? தெரிஞ்ச ஆளுக்குச் சாட்சி செல்ல வந்தா எடுக்க மாட்டாராம்."

"ஓம்."

"ஒங்களுக்கு என்னத் தெரியாது. எனக்கும் ஒங்களத் தெரியாது. பாத்ததும் இல்ல. அப்ப எனக்கு வந்து சாட்சி செல்லுங்க. மெஷின் செல்றது பொய்யெண்டு தெரிஞ்சிதான் அமத்தினேண்டு செல்லுங்க."

"அக்கா," என்று வாசலிலிருந்து சனூஸா கூப்பிட்டாள். அவள் குரல் மாறியிருந்தது. "அப்படிச் செல்றது உங்களுக்கெதிரா நீங்களே குடுக்கிற வாக்குமூலம். மொதல்ல நீங்க செஞ்சது ரகசியம் சொன்ன குற்றம் மட்டும். இது வேற. யோசிங்க."

வாப்பாவுக்காக வற்புறுத்தியவள் இப்போது யோசிக்கச் சொல்கிறாள். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கி இரைந்தது: கலீலுர் றஹ்மான், குறிஞ்சாக்கேணி. அவர் மடித்த சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போனார். அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

நிரோஷினி அவருக்குப் பின்னால் போனாள்.

அதிகாரி கணினியிலிருந்து தலையை நிமிர்த்தி அவளைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார். "நீங்கள் சாட்சி சொல்லி முடிஞ்சுதே தங்கச்சி. இவர் உங்களுக்கு ஆர்?"

"ஒருத்தருமில்லை, ஐயா. இண்டைக்குத்தான் கண்டனான்."

"பிறகு என்னத்துக்கு?"

"இவற்ற படகில கடத்தல் இல்லை எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு ஒப்புதல் குடுத்தனான். இவர் மட்டுமில்லை, வெளியில இருக்கிற ஆக்களில இன்னும் கொஞ்சப் பேர்..."

அதிகாரி கையை நீட்டித் தன் முன்னாலிருந்த ஒலிவாங்கியைத் தட்டினார். அது நிற்கவில்லை. பிறகு வயரைத் தேடிப் பிடித்து இழுத்தார். மண்டபம் சட்டென்று சின்னதாகிவிட்டது. வெளியே விறாந்தையில் இருந்தவர்கள் என்ன நடக்கிறதென்று தெரியாமல் கதவுப் பக்கம் நெருங்கும் காலடிகள் கேட்டன.

"இதைச் சொல்லாமல் போங்கோ," என்றார் அவர், தாழ்ந்த குரலில். மிரட்டலாக இல்லை. "சொன்னா நான் எழுத வேண்டி வரும். நான் எழுதினா நீங்கள் வீட்டுக்குப் போக ஏலாது."

கலீலுர் றஹ்மான் மேடைக்குக் கீழே கைகட்டி நின்றார். நிரோஷினி மேடையில் ஏறினாள். இருக்கக் கதிரை இல்லை. மற்றத் தங்கநிறக் கதிரையில் கணினி இருந்தது. நின்றுகொண்டே, கதவடியில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று திரும்பி, தெரிந்தே ஒப்புதல் கொடுத்த படகுகளில் தனக்கு ஞாபகமிருந்த முதலாவதின் இலக்கத்திலிருந்து தொடங்கினாள். அதிகாரி சற்று நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தார்.